அகன்றதும் பரந்ததும் விரிந்ததும்

சாலை அகலமாக இருக்கிறது என்கிறோம். மனம் பரந்தது என்கிறோம். வீட்டை விசாலமானது என்றும், விளக்கத்தை விரிவானது என்றும் சொல்கிறோம். இவற்றை இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். ‘அகலமான மனம்’ என்று தமிழில் யாரும் பேசுவதில்லை. ‘பரந்த கதவு’ வேண்டுமென்று தச்சரிடம் கேட்டால், எந்த அளவில் வெட்டுவதென்று அவருக்கு விளங்காது. ‘விசாலமான ஆறு’ காதில் இடறுகிறது. ‘அகலமான ஆறு’ இடறவில்லை. அகராதியைப் புரட்டினால் இவற்றில் ஒவ்வொன்றுக்கும் மற்றவையே பொருளாகக் கொடுக்கப்பட்டிருக்கும். பேசும் வாயோ அவற்றை ஒன்றாக நடத்துவதில்லை. பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவரும் இந்த வேறுபாட்டைத் தவறாமல் காப்பாற்றுகிறார்.

இது வெறும் பேச்சு வழக்கம் அன்று என்பதே என் கட்சி. இந்தச் சொற்கள் ஒவ்வொன்றும் இடத்தை ஒவ்வொரு விதமாகப் பார்க்கின்றன. ஒன்று இரண்டு ஓரங்களைப் பார்க்கிறது. ஒன்று ஓரமே இல்லாத பரவலைப் பார்க்கிறது. மற்றொன்று மடங்கிக் கிடந்தது திறப்பதைப் பார்க்கிறது. நிலவியலும் இயற்பியலும் மிகப் பிற்காலத்தில் பிரித்தறிந்த சில நிகழ்வுகளுக்கு இந்தப் பழைய சொற்கள் பொருந்தி நிற்பதைக் காணும்போது எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

அகலத்தைக் குறிக்கும் சொற்களைப் பற்றி நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய குறிப்பு தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் உரியியலில் இருக்கிறது. அங்கே ஆசிரியரின் முறை எளிமையானது. எல்லோருக்கும் தெரிந்த சொல்லை விட்டுவிடுவார். தெரியாத சொல்லை எடுத்து, தெரிந்த சொல்லால் விளக்குவார். அப்படித்தான் ‘வியல்’ என்பதற்கு அகலம் என்று பொருள் தருகிறார். ‘நனவு’ என்பதற்குக் களம் என்றும் அகலம் என்றும் இரண்டு பொருள்கள். ‘தட’, ‘கய’, ‘நளி’ என்ற மூன்றும் பெருமையைக் குறிக்கும் என்கிறார். இதில் ஒன்றைக் கவனியுங்கள். அன்றைய மாணவருக்கு வியல் கடினச் சொல். அகலம் தெரிந்த சொல். இன்றைய மாணவருக்கும் அப்படியேதான். எத்தனையோ சொற்கள் வழக்கொழிந்த மொழியில், விளக்கம் கொடுத்த சொல் இன்னும் தச்சுப் பட்டறையில் புழங்குகிறது. விளக்கம் தேவைப்பட்ட சொல்லுக்கு இன்றும் விளக்கம் தேவைப்படுகிறது.

வியலும் நனவும் அடியோடு மறைந்துவிடவில்லை. முல்லைப்பாட்டின் முதற்சொல்லான ‘நனந்தலை’ அகன்ற இடத்தைக் குறிப்பது. வான்சிறப்பைப் பாடும் 13ஆம் குறளில் வள்ளுவர் கடல்நீருக்கு ‘விரி’ என்ற அடையையும் உலகுக்கு ‘வியன்’ என்ற அடையையும் கொடுக்கிறார். ஒரே அடியில், அடுத்தடுத்து, இரண்டு அகலங்கள். சீருக்காகத்தான் அப்படி வந்தது என்று சொல்லிவிடலாம். எனக்கு அதில் திருப்தி இல்லை. நீர் விரிகிறது, உலகம் வியன்றிருக்கிறது. ஒன்று அசைவு, மற்றொன்று நிலை.

இனி அகலத்துக்கு வருவோம். இதன் வேர் ‘அகல்’ என்ற வினை: விலகு, நீங்கு, பிரி. ‘அவ்விடத்தை விட்டு அகன்றான்’ என்று கதைகளில் படிக்கிறோம். கன்னடத்தில் ‘அகல’ என்றால் நாம் சொல்லும் அகலம்தான். ‘அகலு’ என்றால் பிரிதல். மலையாளத்திலோ ‘அகலம்’ என்றால் தொலைவு. கொச்சிக்கும் திருச்சூருக்கும் இடையே எவ்வளவு அகலம் என்று அங்கே கேட்கலாம். நாம் சொல்லும் அகலத்தை அவர்கள் ‘வீதி’ என்பார்கள். ஒரே வேர் ஓரிடத்தில் குறுக்களவாகவும் மற்றோரிடத்தில் தொலைவாகவும் நிற்பது தற்செயல் இல்லை. அகலம் என்பதே இரண்டு ஓரங்கள் ஒன்றை விட்டு ஒன்று விலகி நிற்கும் அளவுதான்.

அதனால்தான் இரண்டு ஓரம் உள்ள பொருள்களுக்கு இந்தச் சொல் இயல்பாகப் பொருந்துகிறது. ஆற்றுக்கு இரண்டு கரை. கதவுக்கு இரண்டு நிலை. துணிக்கு இரண்டு கரை. பழந்தமிழில் ‘அகலம்’ என்றால் மார்பு என்றும் பொருள். இரண்டு தோள்களுக்கு நடுவே இருப்பது அது. அகல ரயில் பாதை என்கிறோமே, அந்த 1,676 மில்லிமீட்டர் எந்தப் பொருளின் அளவும் அன்று. இரண்டு தண்டவாளங்களின் உள்விளிம்புகளுக்கு இடையே உள்ள வெற்றிடத்தின் அளவு. ‘அகலக் கால் வைக்காதே’ என்று பெரியவர்கள் எச்சரிப்பதும் இரண்டு கால்கள் விலகும் தூரத்தைப் பற்றித்தான். மனத்துக்கு இப்படி இரண்டு ஓரங்கள் இல்லை. ஆகவே அது அகலமாவதில்லை.

இப்போது உலகப் படத்தில் அட்லாண்டிக் பெருங்கடலைப் பாருங்கள். தென் அமெரிக்காவின் கிழக்குக் கரையும் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையும் கிழித்த ஓலையின் இரண்டு பாதிகள்போல ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன. ஜெர்மானிய வானிலையாளர் ஆல்ஃபிரட் வெகெனர் 1912இல், கண்டங்கள் ஒரு காலத்தில் சேர்ந்திருந்து பிறகு விலகின என்று சொன்னார். 1915இல் அதை நூலாக எழுதினார். கண்டத்தை எந்த விசை நகர்த்தும் என்ற கேள்விக்கு அவரிடம் ஏற்கத்தக்க விடை இல்லாததால், நிலவியலாளர்களில் பெரும்பாலோர் ஒதுக்கித் தள்ளினார்கள். 1950களில் அமெரிக்காவின் மேரி தார்ப், கப்பல்கள் ஒலி அலைகளால் அளந்து கொண்டுவந்த ஆழக் கணக்குகளை வைத்துக் கடலடியை வரைந்தார். அட்லாண்டிக்கின் நடுவே வடக்கு தெற்காக ஓடும் மலைத்தொடரின் முதுகில் ஒரு பிளவுப் பள்ளத்தாக்கு இருப்பதை அவர்தான் கண்டார். அந்தப் பிளவில் பாறைக்குழம்பு மேலேறி இறுகிப் புதுத் தரையாகிறது. இரு பக்கத் தரையும் எதிரெதிராக விலகுகின்றன.

விலகும் வேகம் இடத்துக்கு இடம் மாறும். சராசரியாக ஆண்டுக்கு 2.5 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் 1492இல் கொலம்பஸ் கடந்த அட்லாண்டிக்கைவிட இன்றைய அட்லாண்டிக் ஏறத்தாழ 13 மீட்டர் அகலம் கூடியது. கரைகள் அகல்கின்றன, கடல் அகலமாகிறது. ‘அகல்’ என்பதன் இரண்டு பொருள்களும் இங்கே ஒரே நிகழ்வாகிவிடுகின்றன. சுமார் 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன் நம் நிலத்துண்டு மடகாஸ்கரை விட்டுப் பிரிந்து வடக்கே நகரத் தொடங்கியதும் இப்படி அகன்றதுதான்.

இடமே இல்லாத இடத்திலும் அகலம் இருக்கும் என்பது அடுத்த வியப்பு. பழைய தொலைபேசிக் கம்பி மனிதக் குரலில் நொடிக்கு 300 முதல் 3,400 அதிர்வு வரையானவற்றை மட்டும் கடத்துமாறு அமைக்கப்பட்டது. மேல் எல்லையிலிருந்து கீழ் எல்லையைக் கழித்தால் 3,100. பொறியாளர்கள் இதைக் கற்றையின் அகலம் என்கிறார்கள். அடியும் அங்குலமும் இங்கே இல்லை. ஆனால் இரண்டு ஓரங்கள் இருக்கின்றன, அவை விலகி நிற்கின்றன. அதனால் அகலம் என்ற சொல் இங்கேயும் உறுத்தாமல் உட்கார்ந்துகொள்கிறது.

பரப்பு வேறு குணம் உடையது. ‘பர’ என்ற வேர்ச்சொல் ஓரத்தைப் பற்றிக் கவலைப்படுவதே இல்லை. செய்தி பரவுகிறது, வெள்ளம் பரவுகிறது, நோய் பரவுகிறது. எதுவும் குறித்த ஒரு கோட்டில் போய் நிற்பதில்லை. கண்ணுக்கு மறுகரை தெரியாத கடலுக்குப் ‘பரவை’ என்று பெயர் வைத்தவர்கள் சரியாகத்தான் வைத்தார்கள். அசையாத நீரில் ஒரு துளி மையை விட்டால் நடப்பதும் பரவல். தள்ளுவார் யாரும் இல்லை. மூலக்கூறுகள் ஒன்றையொன்று முட்டி முட்டி, திசையே இல்லாமல் அலைந்து இடம் மாறுகின்றன. 1827இல் ராபர்ட் பிரவுன் மகரந்தத் துகள்களை நீரிலிட்டு உருப்பெருக்கியில் பார்த்தபோது கண்ட ஓயாத துள்ளலுக்கு 1905இல் ஐன்ஸ்டைன் கணக்குப் போட்டார். அந்தக் கணக்கின்படி, பரவல் இரண்டு மடங்கு தூரம் போக நான்கு மடங்கு நேரம் எடுக்கும். பத்து மடங்கு தூரத்துக்கு நூறு மடங்கு நேரம்.

எண்களைப் போட்டுப் பார்த்தால் இதன் கனம் தெரியும். நீரில் ஒரு சிறிய மூலக்கூறு ஒரு மில்லிமீட்டர் பரவச் சுமார் எட்டு நிமிடம். ஒரு சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 14 மணி நேரம். பத்து சென்டிமீட்டருக்கு இரண்டு மாதம். நுரையீரலில் வாங்கிய ஆக்சிஜன் பரவலை மட்டும் நம்பிக் கால் விரலுக்குப் போக வேண்டுமானால் உயிர் தங்காது. ஆகவேதான் நமக்கு இதயம் வேண்டியிருக்கிறது, ஒரு செல் உயிரிக்கு வேண்டியதில்லை. ஊர்ப்பேச்சில் ‘பரவிடுச்சு’ என்றால் வேகமாகப் போனது என்று பொருள். மூலக்கூறுகளின் உலகில் பரவல் கிட்டத்தில் மின்னலாகவும் எட்டத்தில் நத்தையாகவும் இருக்கிறது.

இந்தப் பரவலுக்கு எல்லை கட்டினால் அது பரப்பு. அதை அளந்தால் பரப்பளவு. யாழ்ப்பாணத்தில் ‘பரப்பு’ என்பதே நில அளவை அலகு. 16 பரப்பு ஓர் ஏக்கர். “எத்தனை பரப்புக் காணி?” என்று அங்கே கேட்பார்கள். தஞ்சைப் பக்கத்தில் அளவுகள் வேறு. 12 அடிக்கு 12 அடி ஒரு குழி, 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. வேலி என்பது சுமார் 6.6 ஏக்கர் வரும். இந்த மாவும் காணியும் முதலில் நிலத்தின் பெயர்கள்தானா என்று பார்த்தால், அவை தமிழ்ப் பின்ன எண்களின் பெயர்களும் ஆகும். இருபதில் ஒன்று மா, எண்பதில் ஒன்று காணி, முந்நூற்றிருபதில் ஒன்று முந்திரி. ஒரு வேலியில் இருபதில் ஒரு பங்கு என்பதால் மா. எண்ணும் நிலமும் ஒரே சொல்லில் வாழ்ந்தன.

முதலாம் இராஜராஜன் தன் நாட்டை அளக்கச் செய்தபோது இந்தப் பின்னங்களைச் சோழக் கணக்கர்கள் எவ்வளவு தூரம் கொண்டுபோனார்கள் என்பதை எண்ணினால் மலைப்பாக இருக்கிறது. முந்திரியை மறுபடியும் 320ஆகப் பகுத்தால் கீழ்முந்திரி. அதையும் பகுத்தார்கள், அதற்குக் கீழேயும் போனார்கள். வேலியில் 5,242 கோடியே 88 லட்சத்தில் ஒரு பங்கு வரை கல்வெட்டில் கணக்கு வருவதை வரலாற்றாசிரியர்கள் எடுத்துக்காட்டுகிறார்கள். இன்றைய தஞ்சை வேலியை வைத்துப் போட்டுப் பார்த்தேன்; அது ஏறக்குறைய அரை சதுர மில்லிமீட்டர் ஆகிறது. ஒரு நெல்மணி உட்காரக்கூட இடமில்லாத நிலம்! எந்தக் கோலாலும் அதை வயலில் அளந்திருக்க முடியாது. ஓரங்களை அளந்து, பெருக்கி, பங்கிட்டு, வரி கட்டியபோது கணக்கில் மிஞ்சிய துணுக்கு அது. மிஞ்சியதை உதறிவிடாமல் கல்லில் வெட்டினார்கள். அந்த நேர்மையை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன்.

விரிவைப் பற்றிப் பேச வானத்துக்குப் போக வேண்டும். விரிவதற்கு முன்பே அந்தப் பொருள் முழுமையாக இருந்தாக வேண்டும். மொட்டு விரிகிறது, குடை விரிகிறது, பாயை விரிக்கிறோம். புதிதாக ஒன்றும் வந்து சேர்வதில்லை. உள்ளே இருந்ததுதான் திறக்கிறது. 1927இல் பெல்ஜியத்தின் ஜார்ஜ் லெமெட்ரும் 1929இல் அமெரிக்காவின் எட்வின் ஹபிளும் தொலைவிலுள்ள விண்மீன் மண்டலங்கள் நம்மைவிட்டு விலகுவதையும், எட்ட இருப்பவை இன்னும் வேகமாக விலகுவதையும் காட்டினார்கள். ஏறத்தாழ 32.6 லட்சம் ஒளியாண்டுத் தொலைவுக்கு நொடிக்குச் சுமார் 70 கிலோமீட்டர் என்ற வீதத்தில் வேகம் கூடிக்கொண்டே போகிறது.

இதைக் கேட்டவுடன் மனம் ஒரு படத்தை வரைந்துகொள்கிறது: நடுவில் ஒரு வெடிப்பு, சிதறல்கள் சுற்றியுள்ள வெற்றிடத்தில் பரவிக்கொண்டே போகின்றன. இந்தப் படம் தவறு. பிரபஞ்சம் பரவவில்லை. பரவுவதற்கு அதற்கு வெளியே ஓர் இடம் வேண்டும்; அப்படி ஓர் இடம் இந்தக் கோட்பாட்டுக்குத் தேவையே இல்லை. மண்டலங்கள் வெளியில் பறந்து ஓடவில்லை. அவற்றுக்கு நடுவே உள்ள வெளியே நீள்கிறது. நடுப்புள்ளி என்று ஒன்று கிடையாது. எந்த மண்டலத்தில் நின்று பார்த்தாலும் மற்றவை விலகுவதாகவே தெரியும். பிரபஞ்சத்தின் வயது சுமார் 1,380 கோடி ஆண்டு. ஆனால் நாம் காணத்தக்க பகுதியின் குறுக்களவு சுமார் 9,300 கோடி ஒளியாண்டு. ஒளி நம்மை நோக்கிப் பயணம் செய்துகொண்டிருந்த காலத்திலும் வெளி விரிந்துகொண்டிருந்ததால்தான் இந்த இரண்டு எண்களும் ஒத்துப்போகின்றன.

‘பிரபஞ்ச விரிவு’ என்று தமிழில் எழுதியவர்கள் நல்ல சொல்லைத் தேர்ந்தார்கள். பாய் விரிய அறை வேண்டும், பிரபஞ்சம் விரிய அறை வேண்டாம் என்ற அளவில் எந்தச் சொல்லும் முழுமையாகப் பொருந்தாது. என்றாலும் உள்ளிருந்தே திறப்பது என்ற சாயல் ‘விரி’யில் இருக்கிறது, ‘பரவு’ என்பதில் இல்லை. குழப்பம் கொடுப்பது ‘பெருவெடிப்பு’தான். அந்தப் பெயரும் ஃபிரெட் ஹாயில் 1949இல் பிபிசி வானொலியில் பயன்படுத்திய ஆங்கிலப் பெயரின் நேர்ப் பெயர்ப்பு; அவரோ அந்தக் கோட்பாட்டை ஏற்காதவர். வெடிப்பு என்று கேட்ட மாணவர் சிதறலைத்தான் கற்பனை செய்வார். வகுப்பில் விரிவை முதலில் சொல்லிவிட்டுப் பிறகு வெடிப்பின் பெயரைச் சொல்லும் ஆசிரியர் பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறார்.

இப்படிப்பட்ட சொற்கள் இன்னும் எத்தனையோ இருக்கின்றன. ஜவுளிக்கடைக்காரர் துணியின் குறுக்களவைப் ‘பன்னா’ என்பார். வலையும் அரிவாளும் போகும் தூரமான ‘வீச்சு’ இயற்பியல் பாடத்தில் அலையின் வீச்சாகவும், புள்ளியியலில் மிகப் பெரிய மதிப்புக்கும் மிகச் சிறிய மதிப்புக்கும் உள்ள வேறுபாடாகவும் வந்திருக்கிறது. ‘படர்’ என்பது பற்றிக்கொண்டு போவது. கொடியும் தேமலும் படரும், வெள்ளம் படராது.

கடைசியாக ஒரு கேள்வி. ஒரு பொருளின் எந்தப் பக்கம் நீளம், எந்தப் பக்கம் அகலம்? நீண்டது நீளம், குறுகியது அகலம் என்று சொல்லிவிடத் தோன்றும். ஜெர்மானிய மொழியியலாளர் மான்ஃபிரட் பியர்விஷ் 1967இல் எழுதிய கட்டுரையில், அளவைச் சொற்கள் பொருளின் வடிவத்தை மட்டும் சார்ந்தவை அல்ல, பார்ப்பவரின் நிலையையும் சார்ந்தவை என்று காட்டினார். சுவரோரம் நிற்கும் அலமாரியில் நமக்கு எதிரே, இடமிருந்து வலமாக இருப்பதே அகலம். அது மற்றப் பக்கத்தைவிடப் பெரிதானாலும் சிறிதானாலும் அகலம்தான். அகலத்தைத் தீர்மானிக்க ஓர் ஆள் வேண்டும்.

உலகத்துக்கும் அப்படி ஆட்கள் அகலம் வைத்தார்கள். மத்தியதரைக் கடலைச் சுற்றி வாழ்ந்த கிரேக்கர்களுக்குத் தெரிந்த நிலம் கிழக்கு மேற்காக நீண்டும், வடக்கு தெற்காகக் குறுகியும் இருந்தது. மனிதர் வாழும் நிலத்தின் நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதம் ஐந்துக்கு மூன்றைவிட அதிகம் என்று அரிஸ்டாட்டில் எழுதினார். கி.பி. 150ஐ ஒட்டி அலெக்ஸாண்டிரியாவில் இருந்த தாலமி, கிழக்கு மேற்குக்கு 180 பாகை என்றும் வடக்கு தெற்குக்கு ஏறத்தாழ 80 பாகை என்றும் அந்த உலகைப் படமாக்கினார். பாண்டியரின் மதுரையும் சேர நாட்டு முசிறியும் அதில் இடம் பெற்றன. இலங்கை தன் உண்மை அளவைவிடப் பல மடங்கு பெரிதாக நின்றது. கிழக்கு மேற்கு அளவை அவர் நீளம் என்றார். வடக்கு தெற்கு அளவை அகலம் என்றார். இலத்தீனும் அப்படியே பெயர்த்துக்கொண்டது. இன்று ஆங்கிலத்தில் ‘லாட்டிட்யூட்’ என்று சொல்கிறவர் ஒவ்வொருவரும் இலத்தீனில் ‘அகலம்’ என்றுதான் சொல்கிறார். முழு உருண்டை தெரியவந்த பிறகும் பெயர் பொய்யாகவில்லை: நீளப் பக்கத்துக்கு 360 பாகை, அகலப் பக்கத்துக்கு 180.

இந்த அகலத்தை அளக்கக் கருவிகூட அதிகம் வேண்டாம். வட துருவ விண்மீன் அடிவானத்திலிருந்து எத்தனை பாகை உயரத்தில் தெரிகிறதோ, ஏறக்குறைய அதுவே நீங்கள் நிற்கும் இடத்தின் எண். கன்னியாகுமரியில் 8, சென்னையில் 13. வேறொரு விதத்தில் பார்த்தால், நிலநடுக்கோட்டிலிருந்து நீங்கள் எவ்வளவு அகன்று நிற்கிறீர்கள் என்பதே அந்த எண்.

இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் இதை ‘அகலாங்கு’ என்றும் அதன் இணையை ‘நெட்டாங்கு’ என்றும் எழுதுகின்றன. தமிழகப் பாடநூல்களில் நாம் ‘அட்சரேகை’, ‘தீர்க்கரேகை’ என்று படித்தோம். வடமொழியில் ‘தீர்க்க’ என்றால் நீண்ட. ‘அட்ச’ என்றால் அச்சு. இரண்டில் எது எது என்று தேர்வுக்கு முந்தின இரவில் மனப்பாடம் செய்யாத தமிழக மாணவர் குறைவு. அகலாங்கில் அந்தத் தொல்லை இல்லை. சொல்லிலேயே அகலம் இருக்கிறது, தாலமியின் படமும் அதற்குள் இருக்கிறது. தமிழகப் பாடநூல் எழுதுவோர் யாழ்ப்பாணத்தாரிடமிருந்து இந்த இரண்டு சொற்களையும் வாங்கிக்கொள்ள வேண்டும்.